செய்தித் தமிழ் நடந்து வந்த பாதை

யாழ்ப்பாணத்திலே வாசிகசாலை இல்லாத கிராமத்தைக் காண்பது அரிது. அங்கே பத்திரிகை வாசிக்கப்பட்டு வந்த முறையை ஊன்றி நோக்குவோமாயின் ஓர் உண்மை புலப்படும். பத்திரிகையைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர். அதைக் கேட்டிருப்பவர் நால்வர் அல்லது ஐவர். ஒருவர் உரத்து வாசிப்பார். மற்றையோர் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருப்பர். இடையிலே ஒரு முதியவர், "அதென்ன தம்பி, இன்னொருக்கால் வாசி" என்பார். இந்த வேண்டுகோள் பெரும்பாலும் வாசித்தவரின் பிழையினால் எழுவதன்று. எழுதியவரின் நடையினால் எழுவது. செய்தி அச்சாகி ஊர் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால், அந்த முதியவரிடம் இன்னும் வந்து சேரவில்லை.

அவரிடம் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத் தமிழ்ப் பத்திரிகையாளர் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் முயன்றிருக்கின்றனர். அந்த முயற்சியின் வரலாற்றைச் சிறிது கூறுவதே எமது நோக்கம். எளிய நடை என்றதும் "கொச்சை" என்று முகஞ் சுளிக்கும் பெரியோரும், எளிய நடை என்றால் கொலைச் செய்தி என்று எண்ணும் இளைஞரும் எம்மிடையே இருத்தலின் இதனைக் கூறுதல் அவசியமாயிற்று.

இலங்கையின் முதற் தமிழ்ப் பத்திரிகை எனப் போற்றப்படும் "உதயதாரகை", 1841ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 7ஆந் திகதி அமெரிக்க மிஷனாரால் யாழ்ப்பாணத்திலே வெளியிடப்பட்டது. தமிழும் ஆங்கிலமுமாக வந்த பத்திரிகை அது. மிஷன் பாடசாலையிலே கல்வி கற்ற எமக்கு அதன் பெயர் சிறுவயது முதலே பழக்கமானது. அதன் நோக்கம் சமயப் பிரசாரம் என்பதும் தெரிந்ததே. ஆயினும், பாட்டிலன்றி வசனத்திலே நாட்டு நடப்பைச் சொல்லலாம் என்று எம்மூரவருக்கு முதலிற் காட்டியது அதுவே என்பதை ஒப்புக்கொள்வதாற் சைவர்க்கு நட்டமொன்றும் இல்லை. அதற்கு எதிர்முகமாக நின்ற நாவலர் பெருமானும் வசனத்தையே கையிலெடுத்தார். யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர் அவர் என்பதை யாவரும் அறிவர். சந்தியைப் பிரித்து, நிறுத்தக் குறிகளை இட்டு, சிறுவர்க்குப் பாலபாடம் எழுதிய நாவலர், கற்றாரோடு வாதிடும்போது வேறு நடையிலே எழுதினார். யாருக்கு எழுதுகிறோமோ அவர்க்கேற்ற நடை என்ற முறையை அவர் கைக்கொண்டிருந்தார். எளிய நடையைப் பழிப்போர் நாவலரைத் துணைக்கழைப்பதைக் கேட்கும்போதெல்லாம், அவர்கள் பாலபாடத்தை மறந்துவிட்டனரோ என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

பாலபாடம் வேறு, தினசரிச் செய்தி வேறு. செய்திக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. அது தமிழிலே பிறப்பதில்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கி 1899இல் நாளேடாக்கிய "சுதேசமித்திர"னை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்திலே "ஹிந்து"ப் பத்திரிகையை 1878இல் நிறுவியவர்களுள் ஒருவராயிருந்தவர், ஆங்கிலம் அறியாதார்க்கும் அரசியல் தெரியவேண்டும் என்று தமிழுக்கு வந்தார். நாளேடு நடத்துவோன் முன்னே இரவில் ஆங்கிலத் தந்திகள் குவிந்து கிடக்கும். சட்டசபை நடவடிக்கை ஆங்கிலத்தில். அரசாங்க அறிக்கை ஆங்கிலத்தில். வெளிநாட்டுச் செய்தி ஆங்கிலத்தில். விடியுமுன் அவற்றைத் தமிழாக்கி அச்சுக்கோப்பவரிடம் கொடுத்தாகவேண்டும். அவசரத்திலே சொல்லுக்குச் சொல் வைத்துப்போனால் எத்தகைய தமிழ் பிறக்கும்? நாமே ஓர் உதாரணம் புனைந்து காட்டுகிறோம்: "நெல்லின் விலை சம்பந்தமாக அரசாங்கத்தாரால் நியமிக்கப்பட்டிருந்த விசாரணைச் சபையாராற் சமர்ப்பிக்கப்பட்ட அறிக்கையானது கவர்னரவர்களால் அங்கீகரிக்கப்பட்டிருப்பதாக அறியக்கிடக்கின்றது." இதிலே பிழையான சொல் ஒன்றேனும் இல்லை. இலக்கண வழுவும் இல்லை. ஆயினும், வாசிகசாலை முதியவர் "இன்னொருக்கால் வாசி" என்றே சொல்வார். "நெல் விலையை விசாரித்த சபையின் அறிக்கையைக் கவர்னர் ஏற்றுக்கொண்டார்" என்றிருந்தால் அவர் கேட்கப்போகும் கேள்வி வேறு: "அப்ப விலை என்னவாம்?" செய்தி விளங்கியவனே அடுத்த கேள்வியைக் கேட்பான். விளங்காதவன் பெரிய இடத்துச் சமாசாரம் என்று விட்டுவிடுவான்.

1904ஆம் ஆண்டிறுதியிலே சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதியார் இந்த மொழிபெயர்ப்புத் தொல்லையை நேரே அனுபவித்தவர். சபை உறுப்பினரைக் குறிக்கும் "மெம்பர்" என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடி அரைமணி நேரம் தலையை உடைத்துக்கொண்ட கதையை அவரே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். அவயவி என்று பார்த்தார், சரிவரவில்லை. அங்கத்தான் என்று பார்த்தார், அதுவும் ஒட்டவில்லை. சபிகன் என்பது பொருத்தமான சொல்தான். ஆனால், பொதுசனங்களுக்குத் தெரியாது. ஈற்றிலே "மெம்பர்" என்றே எழுதிவிட்டாராம். இதை வாசிப்போர் பலர் தமிழின் வறுமைக்குச் சான்றாகக் கொள்கின்றனர். எமக்கோ வேறொன்று தோன்றுகிறது. "சபிகன்" என்ற சொல்லைக் கைவிட்ட காரணத்தைக் கவனியுங்கள். அகராதியிலே இடமுண்டா என்று அவர் பார்க்கவில்லை. சனங்களுக்குத் தெரியுமா என்று பார்த்தார். 1912இல் வெளியான பாஞ்சாலி சபதத்தின் முகவுரையிலும், ஓரிரண்டு வருடம் நூற்பழக்கம் உடையவனுக்கும் விளங்கவேண்டும் என்பதையே அவர் அளவுகோலாக வைத்தார். "உறுப்பினர்" என்ற நல்ல சொல் பின்னாளிலே வந்து வேரூன்றிவிட்டது வேறு கதை. அவர் காலத்திலே அது இல்லை. மறுநாட் காலையிற் பத்திரிகை வரவேண்டும்.

பாரதியார் கண்முன் வைத்திருந்த வாசகன் ஓரிரு வருடமாவது படித்தவன். ஒரு நாளும் படியாதவனுக்குச் செய்தி சொல்வது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் எமது நாட்டிலேயே வாழ்ந்தார். தஞ்சாவூரிலிருந்து 1920ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யரைப் பற்றி யாழ்ப்பாணத்து இளைஞர் இன்னும் அதிகம் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

அக்காலத்திலே மலைநாட்டுத் தோட்டங்களுக்குள் வெளியார் நுழைதல் எளிதன்று. துரையின் அனுமதி வேண்டும். நடேசய்யர் புடவை விற்பவர்போல் வேடம் பூண்டு லயங்களுக்குள் சென்று தொழிலாளரின் நிலையை அறிந்தார். அறிந்தவற்றை எழுதப் பத்திரிகை நடத்தினார்: 1921இல் "தேசநேசன்", 1924இல் "தேசபக்தன்". தொழிலாளனின் வாழ்வைக் கட்டிவைத்திருந்தது எழுத்து என்பதை இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். "துண்டு" என்றொரு கடதாசி இருந்தது. தொழிலாளனின் கடன் இவ்வளவு, அதைக் கட்டுபவர் அவனை அழைத்துச் செல்லலாம் என்பதே அதன் பொருள். தன்னைத் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு மாற்றும் அந்தக் கடதாசியை அவனால் வாசிக்க முடியாது. துண்டுமுறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இலே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, சிறுவர்க்கு ஒரு கூலி. மலைப்பகுதிக்கும் தாழ்நிலத்துக்கும் வேறு வேறு. தனக்குரியது எவ்வளவு என்று சட்டம் சொல்லியிருக்க, அதை அறியாதவன் கங்காணி சொல்வதையே கணக்கென்று கொள்வான். இங்கே செய்தி விளங்காமற்போனால் நட்டம் அறிவுக்கு மாத்திரமன்று. அன்றைய அரிசிக்கே நட்டம்.

ஆதலின் நடேசய்யர் பேச்சுக்கு அண்மையான தமிழிலே எழுதினார். துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டார். 1937இலே "தொழிலாளர் அந்தரப் பிழைப்பு" என்று ஒரு நாடகமும் எழுதினார். இவற்றிலும் மேலானது அவர் மனைவியார் மீனாட்சி அம்மையாரின் பணி. கூட்டந் தொடங்குமுன் அம்மையார் பாடுவார். பாரதி பாடல்களைப் பாடிச் சனங்களைச் சேர்த்தபின் தாமே இயற்றிய பாடல்களையும் பாடுவார். சனங்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுக்களிலே நாட்டு நடப்பை வைத்துக் கட்டிய பாடல்கள் அவை. 1939ஆம் ஆண்டிலே அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியர் நீக்கப்பட்டனர். அதையொட்டி எழுந்த நிலைமைபற்றிய அவருடைய பாடல்கள் 1940இற் சிறு நூலாக வெளிவந்தன. மெட்டுத் தெரிந்தவனுக்குப் பாட்டு மனத்திலே தங்கும். பாட்டுத் தங்கினாற் செய்தியுந் தங்கும். எழுத்தறியாதவன் செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி மக்களிடம் திருப்பிச் சொல்லக்கூடிய உருவம் அதைவிட வேறு என்ன உண்டு? கும்மியும் சிந்தும் அறிந்த எமது சமூகத்துக்கு இது புதிய கலையன்று. அதனைச் சட்டமும் கூலியும் பேசவைத்ததே புதுமை.

தமிழ்நாட்டிலே இதற்குச் சிறிது பின்னர் இதே கேள்வி பெருமளவில் எழுந்தது. 1934ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆந் திகதி, பாரதி நினைவு நாளிலே, டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு "தினமணி" வெளிவந்தது. அதன் நடை சுதேசமித்திரனின் நடையிலும் எளியது, வேகமுடையது. எனினும், அதை வாசித்தவர் பெரும்பாலும் பள்ளிப் படிப்புள்ளவரே. 1951ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்போதும் இந்தியா முழுவதிலும் எழுத்தறிந்தோர் 100க்கு 18 பேரளவில்தான் இருந்தனர் என்பதை நினைவிற் கொள்க.

அந்த 18க்கும் வெளியே நின்றவர்களை நோக்கி வந்தவர் சி. பா. ஆதித்தனார். திருச்செந்தூருக்கு அண்மையிலுள்ள காயாமொழியிலே 1905இற் பிறந்து, இலண்டனிற் பாரிஸ்டரானவர். சிங்கப்பூரில் வழக்கறிஞர் தொழில் செய்தவர். 1942 நவம்பர் 1ஆந் திகதி மதுரையிலே "தந்தி"யைத் தொடங்கினார். அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதைப் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். பாட்டன்மார் சொல்ல நாமும் கேட்டிருக்கிறோம். பெப்ரவரியிலே சிங்கப்பூர் வீழ்ந்தது, மார்ச்சிலே இரங்கூன், ஏப்ரல் 5இலே கொழும்பிலும் 9இலே திருகோணமலையிலும் யப்பானியர் குண்டு போட்டனர். மலாயாவிலும் பர்மாவிலும் தந்தையும் தமையனும் இருந்த குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் இங்கும் எத்தனையோ. எழுத்துக் கூட்டி வாசிக்கவும் தெரியாத தாய் அன்று செய்திக்காகத் தவித்தாள். கிராமத்திலே ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தால் பிரித்துப் பார்க்குமுன்னமே அழுகை தொடங்கிவிடும். அந்தப் பெயரையே ஒரு பத்திரிகைக்கு வைத்த துணிவை நாம் பலமுறை வியந்ததுண்டு.

யுத்தகாலக் காகிதப் பஞ்சத்திலே வைக்கோற் கூழிலிருந்து கையாற் காகிதஞ் செய்து அச்சிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். எமது பொருளுக்கு அதனினும் முக்கியமானது, தம்மிடம் பணிபுரிந்த செய்தியாளர்க்கென அவர் எழுதிவைத்த கையேடு. மக்கள் பேசும் தமிழே உயிருள்ள தமிழ் என்பதும், அதிலுள்ள கொச்சையை நீக்கி எழுதவேண்டும் என்பதும் அவர் கொள்கை. இவ்விரண்டாம் பாதியைத்தான் அவரைப் பழித்தவரும் பின்பற்றியவரும் ஒருங்கே மறந்தனர். பேசுவதுபோல் எழுது என்று சொல்லிவிடுதல் எளிது. எந்த ஊர்ப் பேச்சு? திருநெல்வேலியார் பேச்சு மதுரையார்க்குச் சிரிப்பு. மதுரையார் பேச்சு கோயமுத்தூரார்க்குப் புதிது. எம்மவர் "கதைக்கிறோம்" என்றால் மதுரைக்காரர் நாம் கதை சொல்லப்போகிறோம் என்று காத்திருப்பார். ஆகவே, எல்லா ஊரவர்க்கும் பொதுவாய் நிற்கும் சொல்லைப் பொறுக்கவேண்டும். ஊருக்கு ஊர் மாறும் சிதைவை விடவேண்டும். வசனத்தைக் குறுக்கவேண்டும். யார் செய்தார், என்ன செய்தார் என்பதை முதலிற் சொல்லவேண்டும். பண்டிதத் தமிழ் எழுதுவோன் அகராதியிடம் கேட்டால் போதும். இப்படி எழுதுவோன் ஒவ்வொரு சொல்லையும் பத்து மாவட்டத்தாரிடம் மனத்தளவிலே கேட்கவேண்டியிருக்கிறது. எந்த வேலை கடினமானது என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

தேநீர்க்கடைகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் தந்தி பரவியது. வெவ்வேறு நகரங்களிலே பதிப்புக்களை வைத்ததால் அதிகாலையிலே கிராமங்களை அடைந்தது. தந்தியின் பெரிய எழுத்துத் தலைப்பை எழுத்துக் கூட்டியே வாசிக்கக் கற்றோம் என்று சொல்லும் முதியோர் தமிழ்நாட்டிலே பலர் உண்டு. அரசியல் மேடைகளிலே ஆதித்தனார் பின்னர் வகித்த இடத்தைப் பற்றி நாம் இங்கே பேசப்போவதில்லை.

மற்றப் பக்கத்தையும் சொல்லியாகவேண்டும். கொலையும் கொள்ளையும் தந்தியிலே பெற்ற இடம் சிறிதன்று. "சதக் சதக்" என்று கத்தி பாய்ந்தது. வழக்கிலே அகப்பட்ட பெண்ணெல்லாம் "அழகி" ஆனாள் என்று கேலி பேசியவர் பலர். அக்கேலியிலே நியாயம் இருக்கிறது. கொழும்பிலும் 1960களிலே வீரகேசரி நிறுவனத்தார் தொடங்கிய "மித்திரன்" இதே பாதையிலே சென்று பெருந்தொகையான வாசகரைப் பெற்றது. ஆனால், இக்குற்றத்தை எளிய நடையின் தலையிற் சுமத்துவது முறையன்று. வரவுசெலவுத் திட்டத்தையும் அதே குறுகிய வசனத்தில் எழுதலாம்; எழுதியும் இருக்கிறார்கள். கொலைச் செய்திக்கு மாத்திரம் இலகுவான தமிழும் சட்டசபைச் செய்திக்குக் கடின தமிழும் என்று ஒதுக்கிவைத்தால், பாமரன் எதை வாசிப்பான்? அவன் தாழ்ந்ததை விரும்பினான் என்று பழிப்பதற்கு முன்னர், உயர்ந்ததை அவனுக்கு விளங்கும்படி யார் கொடுத்தார் என்று கேட்கவேண்டும். இவ்விடத்திலே நாம் பெரியோரோடு மாறுபடுகிறோம், மன்னிப்பாராக.

அச்சுக்கு அப்பாலும் ஒரு சொல். வானொலி வந்தபோது செய்தித் தமிழுக்கு மற்றொரு சோதனை ஏற்பட்டது. வாசிகசாலையிலாவது "இன்னொருக்கால் வாசி" எனலாம். வானொலிப் பெட்டியிடம் அப்படிச் சொல்ல முடியாது, சொன்னது போனதுதான். இதை நன்குணர்ந்தவர் யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம். (சைவ அறிஞர் சு. சிவபாதசுந்தரம் அவர்கள் வேறு. பெயர் ஒற்றுமையால் மயங்குவோர் பலர்.) "ஈழகேசரி"யின் ஆசிரியராக இருந்து பின்னர் இலங்கை வானொலியிற் பணியாற்றியவர். இலண்டன் பீ.பீ.ஸி. தமிழ் ஒலிபரப்புக்குத் "தமிழோசை" என்று பெயர் சூட்டியவரும் அவரே. அந்த ஓசை சிற்றலையிலே 2017வரை கேட்டது. 1954இல் வெளிவந்த அவரது "ஒலிபரப்புக் கலை" தமிழிலே அத்துறைக்கு முன்னோடியான நூல். கண்ணுக்கு எழுதுவது வேறு, காதுக்கு எழுதுவது வேறு என்ற பேதம் அவ்வொலிபரப்பாளர் வழியாகவே எமக்குத் தெளிவாயிற்று. காதுக்கு எழுதும் வசனம் ஒரு மூச்சிலே முடியவேண்டும். எண்கள் அடுக்கடுக்காய் வரலாகாது.

இத்தனைக்கும் பின்னர் எமது நிலைமை யாது? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தாலே தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. எனினும், எமது கையிற் கிடைக்கும் அறிவித்தல்கள் பலவற்றிலே நாம் மேலே புனைந்து காட்டிய நெல்விலை வசனத்தின் தம்பிமாரையும் தங்கைமாரையும் காணலாம். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பிறந்து, அவசரத்திலே தமிழ் உடுத்து வந்தவை அவை. விண்ணப்பத்தின் இறுதித் திகதி எது என்று அறியப் பல்கலைக்கழக மாணவனே இருமுறை வாசிக்கவேண்டியிருந்தால், காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு கச்சேரி வாசலிலே நிற்கும் மூதாட்டி என்ன செய்வார்? துண்டைக் கையில் வைத்திருந்த தோட்டத் தொழிலாளனுக்கும் அவருக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து வந்தபோது பத்திரிகைகள் அதை எப்பெயரால் அழைப்பதென்று தடுமாறின. "கடற்கோள்" என்ற பழஞ்சொல் இருந்தது. கற்றோர் அதை எழுதினர். "ஆழிப்பேரலை" என்று அழகாக ஒரு சொல்லும் வழங்கிற்று. யப்பானியச் சொல்லாகிய "சுனாமி"யும் உடன் வந்தது. முல்லைத்தீவு முதல் மட்டக்களப்பு, அம்பாறைவரை கரையோரத்தார் சில நாட்களுக்குள்ளே மூன்றாவதையே எடுத்துக்கொண்டனர். இன்று நினைவுக் கூட்டங்களின் அழைப்பிதழிலே "ஆழிப்பேரலை" என்று அச்சிடப்பட்டிருக்கும், அழைப்பிதழைக் கையில் வாங்கும் மீனவர், "சுனாமிக் கூட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்பார்.